பெயர் சொல்லும் கற்கள்

எங்கள் பெண்ணைப் புனேயில் கொடுத்திருக்கிறோம் என்பது நாக்பூர் அன்பர்கள் பலருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு வந்து வாழ்த்தியவர்கள்தானே நீங்கள்! சென்ற ஆவணியில் பத்து நாள் அவர்கள் வீட்டில் தங்கி வரலாம் என்று நானும் என் மனைவியும் போயிருந்தோம். சனிவார் வாடா, பார்வதி மலை, ஆகாகான் மாளிகை என்று பார்க்க வேண்டியவற்றையெல்லாம் மாப்பிள்ளை முதல் நான்கு நாட்களிலேயே காட்டி முடித்துவிட்டார். ஐந்தாம் நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நான் சம்பந்தியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சம்பந்தி, கட்கியில் யுத்தத்தில் செத்த சிப்பாய்களைப் புதைத்த கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறதாமே, இங்கிருந்து தூரமா?"

அவர் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகுது. வந்த இடத்தில் கோயில் குளம்னு கேட்காம, சுடுகாடு எங்கேன்னு கேக்கறீங்களே!"

சம்பந்தி சிரித்துவிட்டார். அவர் கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். 1869-ல் தொடங்கிய தொழிற்சாலை அது. அப்பாவும் பிள்ளையும் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார்கள். கட்கி கடைவீதியில் இன்றைக்கும் தமிழ் காதில் விழுவதற்கு இப்படிப்பட்ட குடும்பங்கள்தான் காரணம்.

"தூரமில்லை சம்பந்தி. ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அறுபத்தெட்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். அந்த கேட் வழியா ஆயிரம் தடவை சைக்கிள்ல போயிருக்கேன். உள்ளே போனதில்லை. வாங்க, உங்க சாக்கில நானும் பார்த்துடறேன்" என்றார்.

இரண்டு பேரும் ஆட்டோ பிடித்தோம். 'வார் செமட்டரி' என்றதுமே ஓட்டுநருக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது?

ஹோல்கர் பாலத்துக்கு அருகே முளா ரோட்டில் இருக்கிறது இந்த இடம். வெளியே லாரியும் பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகின்றன. வாசலைத் தாண்டிப் பத்தடி நடந்தால் அந்தச் சத்தம் வேறு ஊரில் கேட்பது போலாகிவிடுகிறது. ஆவணி மழையில் புல் பச்சைப்பசேலென்று இருந்தது. ஒரு சருகு கூடக் கிடக்கவில்லை. கற்கள் வரிசை வரிசையாக, நூல் பிடித்தது போல் நிற்கின்றன. ஒவ்வொரு வரிசையின் அடியிலும் சிறு பூச்செடிகள்.

மயானம் என்றால் நம் மனத்தில் எழும் படமே வேறு. முள்செடி, சாம்பல், உடைந்த சட்டி, அந்தி நேரத்தில் அந்தப் பக்கம் போகாதே என்ற அதட்டல். இங்கே பயம் வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தது போல இருக்கிறது என்றார் சம்பந்தி. சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் பேசாமல் நின்றார். ஏனென்றால் அப்போது நாங்கள் நின்ற கல்லில் வயது 20 என்று எழுதியிருந்தது.

ஒரு கல்லில் என்ன எழுதியிருக்கும் என்று சொல்கிறேன். மேலே படைப் பிரிவின் சின்னம். அதன் கீழே சிப்பாயின் எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த தேதி, வயது. நடுவில் அவரவர் மதக் குறி. எல்லாவற்றுக்கும் அடியில், குடும்பத்தார் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் ஒரு வாசகம். முதலாம் உலக யுத்தத்தின்போது அந்த வாசகத்துக்கு 66 எழுத்துகள்தான் என்று வரம்பு வைத்திருந்தார்கள். எழுத்து ஒன்றுக்கு மூன்றரை பென்னி என்று பணமும் கேட்டார்கள். மகனைப் பறிகொடுத்த தாய், எழுத்தை எண்ணி எண்ணித் தன் துக்கத்தைச் சுருக்கியிருக்கிறாள்!

இங்கே புதைக்கப்பட்டிருப்பவர்கள் 1,668 பேர். எல்லோரும் இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இறந்தவர்கள். புனேயில் அப்போது யுத்தம் ஏது என்று கேட்கத் தோன்றும். யுத்தம் நடக்கவில்லைதான். ஆனால் மேற்கு இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் பட்டாளங்கள் தங்கியிருந்தன. காய்ச்சலிலும் விபத்திலும் காயத்திலும் இறந்தவர்களை அந்தந்த ஊர்க் கண்டோன்மெண்ட் கல்லறைகளில் புதைத்தார்கள். யுத்தம் முடிந்து பட்டாளம் போன பிறகு அவற்றை யார் பார்த்துக்கொள்வது? நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்று தெரிந்த இடங்களிலிருந்து அவர்களை எடுத்து வந்து கட்கியில் ஒன்றுசேர்த்தார்கள். தெற்கிலும் கிழக்கிலும் இப்படிச் சிதறிக் கிடந்தவர்களுக்காகச் சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-ல் ஒரு கல்லறைத் தோட்டம் அமைத்தார்கள். அங்கே ஏறத்தாழ 850 பேர் இருக்கிறார்கள். பரங்கிமலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நம்மில் பலர் அந்த வாசலையும் கடந்து போயிருப்போம்.

கட்கியில் இன்னொரு நினைவுச்சின்னமும் உண்டு. அது முதலாம் உலக யுத்தத்துக்கு உரியது. இந்தியாவிலும் இன்றைய பாகிஸ்தானிலும் புதைக்கப்பட்டு, கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போன 1,800-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. அவர்களில் 629 பேர் பம்பாய் சேவ்ரி கல்லறையில் இருந்தவர்கள். 1962 ஜூன் மாதத்தில் அவர்களுடைய எச்சங்களைக் கட்கிக்குக் கொண்டுவந்து மறுபடி புதைத்தார்கள்.

மூன்றாவதாக, கிழக்கு ஆப்பிரிக்காவையும் மேற்கு ஆப்பிரிக்காவையும் சேர்ந்த ஏறத்தாழ 200 பேரின் பெயர்கள். பர்மா யுத்தத்தில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட ஆப்பிரிக்காவிலிருந்து மூன்று டிவிஷன்கள் கப்பலேறி வந்தன. போர்முனைக்கு வெளியே இந்தியாவில் இறந்தவர்கள் இவர்கள். எந்தக் கிராமத்தில் பிறந்து, எந்தக் கடலைத் தாண்டி, யாருடைய சண்டைக்காக வந்து, எங்கே பெயராக நிற்கிறார்கள் பாருங்கள் என்றேன் சம்பந்தியிடம்.

வீடு திரும்பியபோது சம்பந்தியம்மாள் வாசலிலேயே தண்ணீர் வைத்திருந்தார். கால் கழுவி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனோம். அதில் எனக்கு வருத்தமில்லை. பழக்கம் பழக்கம்தான்.

அம்மா கேட்ட கேள்வி

அன்று இரவு நாக்பூரில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் செய்து பார்த்ததையெல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு வயது எண்பத்தேழு. காது மந்தம், நினைவு மந்தமில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க மாமா பேரு அங்கே இருக்குதாடா?"

அம்மாவின் தாய்மாமன், அதாவது என் பாட்டியின் தம்பி, யுத்தத்துக்குப் போய்த் திரும்பி வராதவர். செங்கத்துக்கு அருகே ஒரு கிராமம். அப்போது வட ஆர்க்காடு ஜில்லா. அம்மாவுக்குக் காது குத்தியது அவர் மடியில் உட்கார வைத்துத்தான். அது முடிந்த கொஞ்ச நாளில் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். பயனியர் படை என்று பெயர், வேலை துப்பாக்கி பிடிப்பதல்ல. காட்டை வெட்டி ரோடு போடுவதும் மூட்டை சுமப்பதும். ஒரு நாள் தபாலில் காகிதம் வந்ததாம். கர்ணம் வாசித்து, பர்மாப் பக்கம் செத்துப்போனான் என்று சொன்னாராம். அந்தக் காகிதம் பின்னால் கூரை தீப்பிடித்தபோது வீட்டோடு போய்விட்டது.

கட்கியில் அவர் பெயர் இருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் கேள்வி அதுவல்ல. வெள்ளைக்காரப் பையனுக்கு இப்படிக் கல் நட்டு, பூச்செடி வைத்து, எண்பது வருஷமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதே யுத்தத்தில் செத்த நம் ஆட்களுக்கு என்ன செய்தார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் கீழே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் வட ஆர்க்காடு, சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களின் பேரன்கள் பலர் உண்டு. அவர்களுக்கும் இது பயன்படும்.

எல்லோருக்கும் ஒரே கல்

1914-ல் பிரான்சில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஃபேபியன் வேர். செத்தவர்களை எங்கே புதைத்தோம் என்று யாருமே குறித்து வைக்கவில்லை என்பதை அவர் கவனித்தார். தாமே பட்டியல் போடத் தொடங்கினார். அதன் பலனாக 1917 மே மாதத்தில் அரச சாசனத்தின் மூலம் ஒரு போர்க் கல்லறை ஆணையம் ஏற்பட்டது. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இரண்டு யுத்தங்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் நினைவை அது காக்கிறது. செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அந்த ஆணையம் அன்று எடுத்த முடிவுகள் சில முக்கியமானவை. உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. பணக்காரன் மட்டும் மகனைக் கப்பலில் கொண்டு போவான், ஏழையால் முடியாது என்பது ஒரு காரணம். ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். இனம், மதம், பதவி பார்த்து வேற்றுமை கூடாது. ஒவ்வொருவர் பெயரும் நிலையாக எழுதப்பட வேண்டும். உடல் கிடைக்காதவர்களுக்கு நினைவுச்சின்னத்தில் பெயர். அடையாளம் தெரியாத உடலுக்கும் ஒரு கல்.

இதைப் பல குடும்பங்கள் எதிர்த்தன. தங்கள் பிள்ளைக்கு விருப்பப்படி சமாதி கட்ட உரிமையில்லையா என்று கேட்டார்கள். 1920-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் விவாதமே நடந்தது. கடைசியில் ஆணையத்தின் கொள்கைதான் நின்றது. அதற்கு வாசகங்கள் எழுதிக் கொடுத்த எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங் தாமே ஒரே மகனை 1915-ல் பிரான்சில் இழந்தவர். மகனின் கல்லறை எது என்று தெரியாமலே 1936-ல் அவர் இறந்துபோனார்.

புனேயில் இன்னொரு நாள் வானவடியில் உள்ள ஷிண்டே சத்ரிக்கும் போயிருந்தேன். 1794-ல் இறந்த மகாத்ஜி ஷிண்டேயைத் தகனம் செய்த இடத்தில் எழுப்பிய அழகான மண்டபம். ராஜா என்றால் சத்ரி. அவருடைய படையில் செத்த சிப்பாய்க்கு ஆற்று மணல். நம்முடைய மரபில் மட்டுமல்ல, உலகம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. நம் நாக்பூரிலேயே 1817 நவம்பர் 26, 27 தேதிகளில் சீதாபல்டிக் குன்றில் நடந்த சண்டையில் நின்றவை மதராஸ் காலாட்படையின் 20-ஆவது, 24-ஆவது ரெஜிமெண்டுகள். கட்கிச் சண்டை நடந்த அதே மாதம் அது. அங்கே செத்த நம்மூர்ச் சிப்பாய்களின் பெயர் சொல்லும் கல் எதையும் நான் பார்த்ததில்லை. அந்த வகையில், சாதாரணச் சிப்பாய்க்கும் பெயரோடு ஒரு கல் என்று 1917-ல் முடிவு செய்தது பெரிய மாறுதல்தான்.

நம்மவர்களுக்கு நடந்தது என்ன?

இந்துக்களையும் சீக்கியர்களையும் புதைப்பதில்லை, எரிப்பதுதான் வழக்கம். ஆகவே அவர்களுக்குத் தனித்தனிக் கல்லறை இல்லை. பெயர்களை மட்டும் ஒரு நினைவுச்சின்னத்தில் எழுத வேண்டும். இதை நன்றாகச் செய்த இடங்கள் இருக்கின்றன. நாகாலாந்தில் கோஹிமா கல்லறைத் தோட்டத்தின் உச்சியில் உள்ள தகன நினைவுச்சின்னத்தில் 917 இந்து, சீக்கியப் போர்வீரர்களின் பெயர்கள் உள்ளன. பர்மாவில் தவுக்கியான் என்ற இடத்தில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில், கல்லறை தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள். அங்கேயே தகனம் செய்யப்பட்ட 1,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தனி நினைவுச்சின்னமும் உண்டு.

ஆனால் முதலாம் யுத்தத்தில் கதை வேறு. இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்து ஆஸ்பத்திரிகளில் இறந்த 53 இந்து, சீக்கியச் சிப்பாய்களை அருகிலிருந்த குன்றில் தகனம் செய்தார்கள். 1921-ல் அங்கே வெள்ளைப் பளிங்கில் ஒரு மண்டபம் எழுப்பினார்கள். அதற்கும் சத்ரி என்றே பெயர். மண்டபம் எழும்பியது, பெயர்கள் எழுதப்படவில்லை. அந்த 53 பெயர்களைக் கல்லில் பொறித்து அங்கே வைத்தது 2010-ல். ஏறத்தாழ தொண்ணூறு வருஷம் கழித்து!

இராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச்சின்னம் இன்னும் மோசம். மெசபடோமியா யுத்தத்தில் செத்தவர்களுக்காக எழுப்பியது. மதராஸ் சாப்பர்ஸ் என்ற நம் பக்கத்துப் பொறியியல் படையும் போரிட்ட களம் அது. அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்தார்கள். இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்களை மட்டும் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களை, இந்த ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக எழுதிவிட்டார்கள்.

இதையெல்லாம் ஆணையமே பின்னால் ஒப்புக்கொண்டது. 2021 ஏப்ரலில் அது வெளியிட்ட அறிக்கையின்படி, முதலாம் யுத்தத்தில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை கூட, பெயர் சொல்லியோ வேறு விதமாகவோ நினைவுகூரப்படவே இல்லை. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். ஆணையம் மன்னிப்புக் கேட்டது, விடுபட்ட பெயர்களைத் தேடும் வேலையையும் தொடங்கியது. 'எல்லோருக்கும் ஒரே கல்' என்ற கொள்கை உண்மைதான். 'எல்லோரும்' என்ற சொல்லில் யார் யார் அடக்கம் என்பதில்தான் கோளாறு.

கல் நடுவது நமக்குப் புதிதா?

புதிதே இல்லை. தொல்காப்பியத்திலேயே வீரனுக்குக் கல் நடும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. கல்லைத் தேர்ந்து பார்ப்பது, அதை எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது என்று ஆறு கட்டங்கள். 2006-ல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல் இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்டது என்கிறார்கள். மாடு பிடி சண்டையில் இறந்தவனின் ஊரும் பெயரும் அதில் இருக்கின்றன. அவன் அரசன் அல்ல. ஊர், பெயர், எந்தச் சண்டை. கட்கியில் நான் பார்த்த கற்களிலும் ஏறக்குறைய அதே செய்திதான்.

எங்கள் செங்கம் பக்கத்தில் வயலுக்கு வயல் இப்படிக் கற்கள் உண்டு. வில்லோ வாளோ பிடித்த வீரன், சுற்றிலும் வட்டெழுத்து. எழுத்தைப் படிக்க மறந்துபோன பிறகும் ஜனங்கள் கல்லை மறக்கவில்லை. வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கல் இடுகிறார்கள். அம்மா சின்ன வயதில் அந்தப் பொங்கல் சாப்பிட்டவர்.

அந்த வழக்கம் அண்மையில் கடல் தாண்டியும் போயிருக்கிறது. சயாம் மரண ரயில் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1942-43-ல் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் செத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் ஆளுக்கொரு கல்லறை, பெயர், பூச்செடி எல்லாம் உண்டு. அதே பாதையில் மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு போன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். அவர்கள் சிப்பாய்கள் அல்ல, கூலிகள். ஆகவே யாருடைய பதிவேட்டிலும் இல்லை. 2023-ல்தான் காஞ்சனபுரியில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில் அவர்களுக்காக நடுகல் ஒன்று எழுப்பினார்கள். மலேசியத் தமிழர்கள் விடாமல் முயன்றதன் பலன் அது. ஒவ்வொருவரின் பெயரையும் எழுத இப்போது வழியில்லை. ஆனால் இங்கே செத்தவர்கள் தமிழர்கள் என்றாவது அந்தக் கல் சொல்லும்.

உங்கள் வீட்டுப் பெயரைத் தேட

போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். கட்டணம் இல்லை. யுத்தத்தில் செத்தவர் என்று அவர்கள் கொள்ளும் காலவரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாம் யுத்தத்துக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாம் யுத்தத்துக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. அந்த நாட்களுக்குள் பணியில் இருந்தபோது காய்ச்சலில் இறந்திருந்தாலும் பெயர் இருக்கும்.

நம் பெயர்களை எழுதியவர்கள் ஆங்கிலம் படித்த குமாஸ்தாக்கள். 'சாமி' என்பதையே நாலைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். எனவே ஒரு எழுத்துக்கூட்டலோடு நிறுத்தக் கூடாது. சிலருக்குத் தகப்பனார் பெயரும் கிராமமும் ஜில்லாவும் இருக்கும். சிலருக்கு எண்ணும் பெயரும் மட்டுமே. வீட்டில் பழைய பதக்கமோ, பென்ஷன் காகிதமோ, மணியார்டர் ரசீதோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள பட்டாள எண் ஒன்று போதும், நூறு கோவிந்தசாமிகளில் உங்கள் கோவிந்தசாமி யார் என்று சொல்லிவிடும்.

எங்கள் வீட்டில் அந்த எண் கூரையோடு எரிந்துவிட்டது. நாக்பூர் திரும்பியதும் என் பிள்ளையை உட்கார வைத்து மூன்று நாள் ராத்திரி தேடினோம். அந்தப் பெயரில் வட ஆர்க்காட்டுக்காரர்கள், பயனியர் படையில் இருந்தவர்கள், மூன்று பேர் கிடைத்தார்கள். மூன்று பேரும் 1943-க்கும் 1945-க்கும் நடுவில் இறந்தவர்கள். ஒருவருக்கு ஊர்ப் பெயரே இல்லை. ஒருவருக்குக் குடியாத்தம் பக்கத்துக் கிராமம் போல ஒரு பெயர். மூன்றாமவரின் தகப்பனார் பெயர் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர்தான், ஆனால் அது ஊரில் பாதிப் பேருக்கு உள்ள பெயர். ஊர்ப் பெயரோ, எப்படி வாசித்தாலும் எங்கள் ஊராக மறுத்தது.

அம்மாவிடம் மூன்று பெயரையும் வாசித்துக் காட்டினேன். எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையே என்று எனக்கு வருத்தம். பாட்டி உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் தம்பிக்கென்று ஒரு இலை தனியாகப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பிறகு அந்த இலையை நாங்கள் விட்டுவிட்டோம். ஊர் மாறி வந்ததில் விட்டுப்போன பலவற்றில் அதுவும் ஒன்று.

கட்கிக்குப் போக விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. காலை வேளையில் போங்கள். கற்களின் மேல் உட்காராதீர்கள், பூவைப் பறிக்காதீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போங்கள், நாலைந்து கற்களையாவது நின்று வாசிக்கச் சொல்லுங்கள். சரித்திரப் புத்தகத்தில் லட்சம் பேர் மாண்டார்கள் என்று படிப்பதும், ஒருவன் பெயரையும் வயதையும் வாய்விட்டு வாசிப்பதும் ஒன்றல்ல. திரும்பி வந்து குளிப்பதும் குளிக்காததும் உங்கள் விருப்பம்.

புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தது. முதல் நாள் மாலை, நாளைக்கு எத்தனை இலை வாங்க வேண்டும் என்று என் மனைவி அம்மாவைக் கேட்டாள். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எப்பவும் போடறதோட மூணு சேர்த்து வாங்கும்மா. எது எங்க மாமான்னு தெரியலேன்னா என்ன? மூணு பேருமே யாரோ ஒரு பொண்ணுக்குத் தாய்மாமனாத்தானே இருந்திருப்பாங்க."

மறுநாள் மூன்று இலை சேர்த்தே போட்டோம்.